மணிபிளான்ட்டுக்குப் பிரஷர் இல்லை

நூற்றி அறுபத்தெட்டு, கீழே நூற்றி நான்கு.
மெஷின் பிழையாயிருக்கும் என்றேன்.
தாதி மற்றக் கையிலும் கட்டினா.
மற்றக் கையும் அதையேதான் சொன்னது.

எனக்கு வயது இருபத்தொன்பது.
கொள்ளுப்பிட்டியில் கப்பல் கம்பெனி ஒன்றில்
புது வேலைக்கான மெடிக்கலுக்குத்தான் போயிருந்தேன்.

முதல் குளிசை இருமலைத் தந்தது.
சளியில்லாத, நேரகாலமில்லாத இருமல்.
நூறாம் இலக்க பஸ்ஸில்
பம்பலப்பிட்டி வருமுன் பக்கத்துச் சீட் காலியாகும்.
ஒரு அம்மா யன்னலை முழுக்கத் திறந்து
மகளை மற்றப் பக்கம் இழுத்துக்கொண்டா.
இது குளிசையின் இருமல், தொற்றாது என்று
பஸ்ஸில் எப்படி அறிவிப்பது?

இரண்டாவது காலுக்கு இறங்கியது.
பின்னேரம் சப்பாத்தைக் கழற்றினால்
சொக்ஸின் விளிம்பு கணுக்காலில் பள்ளமாய்க் கிடக்கும்.
விரலால் அமத்தினால் குழி விழுந்து
ஆறுதலாய் நிரம்பும்.
தினேத் பார்த்துவிட்டு "மச்சான், எத்தனை மாதம்?" என்றான்.
சிரித்தேன்.
அன்றிரவு கொத்துக்கு உப்பு வேண்டாம் என்றபோது
கடைக்காரன் தட்டுவதையே நிறுத்தி
என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

மூன்றாவதைப் பற்றி ஒருவருக்கும் சொல்லவில்லை.
விரல்கள் குளிர்ந்தன. படியேற மூச்சுப் பிந்தியது.
அதெல்லாம் சொல்லலாம்.
சொல்லமுடியாதது இரவில் நடந்தது,
நடக்கவில்லை என்பதுதான் சரி.
துவாரகா "பரவாயில்லை" என்றாள்.
இரண்டாந்தரமும் "பரவாயில்லை."
மூன்றாந்தரம் ஒன்றும் சொல்லாமல்
ஃபானை ஒரு புள்ளி குறைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.
கடற்கரையால் கடைசி ரயில் போனது.
யன்னல் கண்ணாடி கொஞ்சநேரம் நடுங்கியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும்
குளிசையை நாக்கின் கீழ் வைத்துக்கொண்டு
பல்கனிக்குப் போய்
மணிபிளான்ட் சாடிக்குள் துப்பினேன்.
செடி கொழுத்தது, கம்பியில் ஏறியது.
மேல்வீட்டு அன்ரி தண்டு ஒன்று கேட்டு வாங்கிப் போனா.
என் பிடரியில் மட்டும்
ஆரோ விடிய விடியத் தேங்காய் உடைத்தார்கள்.

மண் மாற்றப் போன துவாரகாதான் கண்டாள்.
கரையாத வெள்ளைத் துண்டுகளை
ஒரு சோசரில் பொறுக்கி வந்து
என் தேத்தண்ணிக்குப் பக்கத்தில் வைத்தாள்.
பதினொன்று. எண்ணியிருந்தாள்.
"எனக்குப் புருஷன் வேணும்" என்றாள்.
எந்த அர்த்தத்தில் என்று கேட்கத் துணிவில்லை.
கொஞ்சம் பொறுத்து அவளே சொன்னாள்:
"உயிரோடை."

கிளினிக் டொக்டருக்கு என் வயதுதான் இருக்கும்.
பெண். தமிழ் வராது.
வரிசையில் இருந்து அந்த வசனத்தைத்
தமிழில் அடுக்கிப் பார்த்தேன்.
ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும்
அப்பா தொண்டையைச் செருமினார்.
ஆங்கிலத்தில் விளம்பரம் மாதிரி இருந்தது.
கடைசியில் சிங்களத்தில் சொன்னேன்,
பாணுக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் பழகிய சிங்களத்தில்,
மிச்சக் காசு கேட்கிற குரலில்.
என் வீட்டில் ஒருவரும் பேசாத சொற்கள்.
அவை வெட்கப்படவில்லை.

அவ நிமிராமல் எழுதிக்கொண்டே கேட்டா,
நாலு மாதமாய் ஏன் சொல்லவில்லை?
கிழமைக்கு மூன்று பேராவது வருகிறார்களாம்.
கதவு வரை போய்த் திரும்பி வந்துதான் சொல்வார்களாம்,
கைப்பிடியைப் பிடித்தபடி.
குளிசைக்கும் பங்கிருக்கலாம், பயத்துக்கும் இருக்கலாம்,
மாற்றிப் பார்ப்போம் என்றா.
இனி நிறுத்துவதென்றால் என்னைக் கேள்,
சாடியைக் கேட்காதே.

புதுக் குளிசை வெளிர் மஞ்சள்.
பாமசியில் பத்துத்தான் இருந்தது,
மிச்சத்துக்குச் செவ்வாய் வரச் சொன்னார்கள்.
இன்று நூற்றி நாற்பத்திரண்டு, தொண்ணூறு.
துவாரகா கொப்பியில் எழுதுகிறாள்,
பேனையைக் காதில் செருகிக்கொண்டு
நாடி பிடிக்கத் தெரியாத விரலால்
என் மணிக்கட்டைத் தேடுகிறாள்.

மணிபிளான்ட்டில் இரண்டு இலை
பழுக்கத் தொடங்கியிருக்கிறது.